அழுத்தாத மசாஜ்: வீங்கிய கை இறங்கிய கதை

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட பலருக்கு, கையில் தேங்கும் நீரை மெல்ல வடியவைக்கும் 'மேனுவல் லிம்ஃப் டிரெய்னேஜ்' என்று ஒரு மசாஜ் இருப்பதே தெரிவதில்லை. கை வீங்கிய பிறகுதான் எனக்கும் தெரியவந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்கு இடது பக்கம் ஆபரேஷன். அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களை (திசுக்களிலிருந்து வடியும் நிணநீர் கடந்துபோகும் சிறு முடிச்சுகள்) எடுத்தார்கள், பிறகு கதிர்வீச்சும் கொடுத்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் நன்றாகத்தான் இருந்தேன். அப்புறம் ரவிக்கையின் இடது கை மட்டும் இறுக ஆரம்பித்தது. கை கனத்தது. விரலால் அழுத்தினால் விழுந்த குழி சட்டென்று மேலே வராது. முதலில் காட்டிய இடத்தில் நீர் பிரிய மாத்திரை கொடுத்தார்கள், வீக்கம் அப்படியே இருந்தது. தேங்குவது வெறும் தண்ணீர் இல்லை, புரதம் கலந்த நிணநீர். மாத்திரை தண்ணீரை வெளியேற்றினாலும் புரதம் அங்கேயே தங்கி மறுபடியும் நீரை இழுத்துக்கொள்ளும். யானைக்கால் மாதிரி கைக்கும் வருமா என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். அதுவும் நிணநீர்க் குழாய் கெட்டு வருவதுதான், ஆனால் கொசு பரப்பும் புழுவால் வருவது. எனக்கு வந்தது சிகிச்சையின் பின்விளைவு.

பெரியம்மா நல்லெண்ணெயைச் சூடுபண்ணி உருவிவிட வந்துவிட்டார். சுளுக்கெடுப்பதில் கைராசிக்காரர். அதற்குள் புற்றுநோய் மருத்துவர் பிசியோதெரபிக்கு எழுதிக்கொடுத்திருந்தார். அங்கே இருந்த பெண் முதலில் சொன்னதே இதுதான்: "அக்கா, இந்தக் கைய யாரையும் அழுத்தித் தேய்க்க விடாதீங்க. நான் செய்யும்போதும் வலிக்கவே கூடாது, வலிச்சா உடனே சொல்லுங்க."

அவர் கையில் எண்ணெய் இல்லை, பவுடர்கூட இல்லை. உள்ளங்கையைத் தோலின்மேல் தட்டையாக வைத்து, வழுக்காமல், தோலை மட்டும் ஒரு பக்கமாக மெல்ல நகர்த்திவிட்டுக் கையைத் தளர்த்துவார். தோல் தானாகப் பழைய இடத்துக்கு வரும். மறுபடியும் அதே நகர்த்தல். பூனைக்குட்டியைத் தடவும் அளவுக்குத்தான் அழுத்தம். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்றிருந்தது. ஆனால் காரணம் தெளிவானது. நிணநீரை உள்ளே வாங்கும் நுண்குழாய்கள் தோலுக்கு அடியிலேயே இருக்கின்றன. சுற்றியுள்ள திசுவோடு மெல்லிய இழைகளால் கட்டுண்டிருப்பதால், தோல் லேசாக இழுபட்டாலே அவற்றின் வாய் திறக்கும். அழுத்தினால் அவை நசுங்கிப்போகும்.

தொடங்கிய இடமும் ஆச்சரியம்தான். வீங்கிய கையை அவர் கடைசியில்தான் தொட்டார். முதலில் காறை எலும்புக்கு மேலே, கழுத்தோரம், ஏனென்றால் நிணநீர் திரும்ப ரத்தத்தில் சேர்வது அங்கேதான். பிறகு நல்ல நிலையில் இருக்கும் வலது அக்குள், இடது தொடை இடுக்கு. அப்புறம் மார்பின் குறுக்கே வழி ஏற்படுத்திவிட்டு மேல்கை, முழங்கை, முன்கை, விரல்கள் என்று இறங்கினார். இடது அக்குளில் பாதை போய்விட்டது, அதனால் மற்ற வடிகால்களுக்குத் திருப்பிவிட வேண்டும். இடையிடையே வயிறு உப்ப மூச்சிழுக்கச் சொன்னார். உதரவிதானம் ஏறி இறங்கும்போது மார்புக்குள் போகும் பெரிய நிணநீர்க் குழாயில் ஓட்டம் கூடும்.

டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடரும் அவர் மனைவி எஸ்ட்ரிட்டும் 1930களில் பிரான்ஸில் இருந்தபோது உருவாக்கிய முறை இது. ஓயாத சளித் தொல்லையோடு வந்தவர்களின் கழுத்தில் கட்டியிருந்த நெறிகளிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். 1936இல் பாரிஸில் அதை அறிமுகப்படுத்தினார்கள்.

மசாஜ் மட்டும் போதாது. முடிந்ததும் பருத்தி உறை, அதன்மேல் பஞ்சு, விரல் விரலாகச் சுற்றிய பட்டை, கடைசியில் அதிகம் நீளாத பேண்டேஜ். அது நீளாததால்தான் கையை அசைக்கும்போது தசை அதன்மேல் முட்டி நிணநீரை மேலே தள்ளும். நம் ஊர் வெயிலில் இந்தக் கட்டோடு இருப்பதுதான் கஷ்டமான பகுதி. உள்ளே வியர்த்து நமைக்கும், சாதம் பிசைய முடியாது. ஆனாலும் விடாதீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்ட தொகுப்பாய்வும் பேண்டேஜோடு இந்த மசாஜும் சேரும்போது கூடுதல் பலன் இருக்கலாம், அதுவும் வீக்கம் குறைவாக இருப்பவர்களுக்கு, என்றே சொல்கிறது. ஆகவே சீக்கிரம் போவது முக்கியம். நாள்பட்டால் திசு கெட்டிப்பட்டு, அழுத்தினாலும் குழி விழாத நிலைக்குப் போய்விடும்.

ஒவ்வொரு வாரமும் டேப்பால் அளந்தார்கள். முன்கையில் இரண்டு கைக்கும் 3 செ.மீ. இருந்த வித்தியாசம் 1 செ.மீ.க்கு வந்தது. எனக்கு அளவைவிடப் பெரிதாகத் தெரிந்தது பாரம் இறங்கியதுதான். கையைத் தூக்கித் தலைவார முடிந்தது, விரலை முழுதாக மடக்க முடிந்தது, இரவில் தலையணைமேல் கையை வைத்துக்கொண்டு விழித்திருப்பது நின்றது.

இப்போது காலையில் நானே அந்த வரிசையில் செய்துகொண்டு, அளவெடுத்துத் தைத்த கம்ப்ரஷன் ஸ்லீவை, அதாவது கையை இறுக்கிப் பிடிக்கும் உறையை, போட்டுக்கொள்கிறேன். முற்றிலும் குணமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கட்டுக்குள் வைத்திருக்கலாம், அவ்வளவுதான். கத்திக் கீறல், கொசுக்கடி எதையும் அந்தக் கையில் அலட்சியம் செய்யக்கூடாது. கை சிவந்து சூடாகி, காய்ச்சலும் வந்தால் மசாஜை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும், அது தொற்று. ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருப்பவர்களும், இதயச் செயலிழப்பு கட்டுப்படாதவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம்.

ஸ்பாக்களில் இதே பெயரில் ஏதேதோ செய்கிறார்கள். புற்றுநோய் சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில், "மேனுவல் லிம்ஃப் டிரெய்னேஜில் பயிற்சி எடுத்தவர் இருக்கிறாரா?" என்று அந்தப் பெயரையே சொல்லிக் கேளுங்கள்.