உரிமைத் தொகையும் மாடி ஏசியும்

2023-ல் மகளிர் உரிமைத் தொகைக்கு மனு வாங்கினார்களே, அப்போது எங்கள் அத்தையும் முகாமில் வரிசையில் நின்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். பிறகு போனில் மெசேஜ் வந்தது, தகுதி இல்லை என்று. காரணம் கரண்ட். வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் ஓடினால் ஆயிரம் ரூபாய் கிடையாது. அத்தை வீட்டில் ரெண்டு ஃபேன், ஒரு டிவி, கதவு சரியாக மூடாத ஒரு ஃபிரிட்ஜ், அவ்வளவுதான். ஆனால் மாடியில் கொழுந்தனார் குடும்பம், அங்கே ஏசி, ரெண்டு வீட்டுக்கும் மீட்டர் ஒன்று.

சம்பளமில்லாத வீட்டு வேலைக்கான அங்கீகாரம் என்று சொல்லித்தான் இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அத்தை நாற்பது வருஷம் பாத்திரம் தேய்த்ததற்கும் மாடி ஏசிக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிற பணத்துக்கு வடிகட்டித்தான் கொடுக்க முடியும் என்பார்கள். சரி, அப்படியானால் உதவித் தொகை என்றே பெயர் வைத்திருக்கலாம்.

1997-ல் மத்திய அரசு வறுமைக்கோட்டை வைத்து ரேஷனைப் பிரித்தபோது தமிழ்நாடு அந்த வழிக்குப் போகவில்லை, 2016-ல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்ந்தபோதும் எல்லோருக்கும் ரேஷன் என்பதை விடவில்லை. அரிசி வேண்டாம் என்றவர்கள் தாங்களாகவே சர்க்கரை கார்டு வாங்கிக்கொண்டார்கள். யாரும் யார் வீட்டு மீட்டரையும் பார்க்கவில்லை. எங்கள் தெருக் கடையில் வாத்தியார் வீட்டம்மா அரிசியை உள்ளங்கையில் அள்ளி மோந்து பார்த்துவிட்டு "இதை உங்க வீட்ல பொங்குவீங்களா?" என்று போட்ட சத்தத்தில் அன்றைக்கு வேறு மூட்டை பிரித்தார்கள், பின்னால் நின்ற சித்தாள் பெண்ணுக்கும் அதே மூட்டையிலிருந்துதான் அளந்தார்கள். ஏழைகளுக்கு மட்டும் என்று ஒரு கடை இருந்திருந்தால் அந்தம்மா அங்கே வந்திருக்கவே மாட்டார்.

பஸ்ஸும் அப்படித்தான். 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண் என்றால் ஏறி உட்கார வேண்டியதுதான், வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. (அடுத்த வருஷமே ஒரு அமைச்சர் மேடையில் அதை 'ஓசி' என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.)

அத்தை மேல்முறையீடு செய்ய இ-சேவை மையத்துக்குக் கிளம்பினார். ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் புத்தகம், கரண்ட் பில், எல்லாம் மஞ்சப் பையில். பஸ்ஸில் கண்டக்டர் எதுவும் கேட்காமல் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தார். மையத்தில் அந்தப் பையன் முதலில் கேட்டது, "மீட்டர் யார் பேர்ல இருக்கும்மா?"