செக் ஜாவா: நாலு வெள்ளிப் படகில் ஒரு புதுக்கடல்

படகுத்துறைக்குக் கிளம்பும் முன் ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரங்களை, பார்த்துவிடுங்கள். சிங்கப்பூரின் உபின் தீவில் உள்ள செக் ஜாவா ஈரநிலத்தில் நீர்மட்டம் 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கினால்தான் கடல்தரை வெளியே தெரியும். இல்லையென்றால் கலங்கல் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். நீர் முழுக்க வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மரநடைபாதையில் இருங்கள். வாசல் திறப்பது காலை 8.30க்கு, அடைப்பது மாலை 6க்கு. அதனால் விடிகாலையில் வற்றும் நாட்கள் உதவாது.

தானா மேரா ரயில் நிலையத்தில் 2ஆம் எண் பேருந்து ஏறி சாங்கி வில்லேஜில் இறங்கினால் படகுத்துறை பக்கத்திலேயே. ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ரொக்கமாகக் கொண்டுபோங்கள். 12 பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும். வார நாட்களில் எரிச்சலூட்டும் விஷயம் இதுதான். எட்டுப் பேர் உட்கார்ந்து மீதி நாலு பேருக்காக வழிபார்ப்பதற்குள் அங்கே தண்ணீர் ஏறத் தொடங்கிவிடும். காலி இடத்துக்கான 16 வெள்ளியை எட்டுப் பேரும் தலைக்கு 2 வெள்ளியாகப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்புவதே புத்திசாலித்தனம்.

தீவில் வேனில் ஏறும் முன் கூலியைப் பேசிவிடுங்கள்: தலைக்கா வண்டிக்கா, போக மட்டுமா போகவரவா? பேசாமல் ஏறினால் இறங்கும்போது சொல்வதுதான் விலை. சுமார் 3 கிலோமீட்டர்தான், முக்கால் மணி நேர நடை. வாடகை சைக்கிள் என்றால் இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பார்த்து எடுங்கள், வழியில் ஏற்ற இறக்கம் உண்டு.

இனி கடலுக்கு வருவோம். சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. சிங்கப்பூர், மலாயா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலம். சுந்தாத் திட்டு என்பது அதன் பெயர். (பாக் நீரிணையும் அப்போது தரைதான்.) பனி உருகியபோது வெள்ளம் எப்படி வந்தது தெரியுமா? 14,600 ஆண்டுகளுக்கு முன் வெறும் 300 ஆண்டுகளில் சுமார் 16 மீட்டர் ஏறியது! அப்படியானால் செக் ஜாவாவில் நகர்கிற ஒவ்வொரு கடலுயிரின் மூதாதையும் அதற்குப் பிறகு வெளியிலிருந்து வந்து குடியேறியதுதான்.

அந்தக் குடியேற்றம் மரபணுவில் பதிந்திருக்கிறது. சிறு கூட்டம் புது இடத்தில் மளமளவென்று பெருகினால், பெரும்பாலானவற்றிடம் ஒரே மைட்டோகாண்ட்ரியா (தாய்வழியாக மட்டும் வரும் மரபணு) வரிசை இருக்கும். மற்றவை அதிலிருந்து ஓரிரு எழுத்து மட்டும் மாறியிருக்கும். வரிசைகளின் உறவைப் படமாக வரைந்தால் நட்சத்திர வடிவம். மாற்றங்களை எண்ணி, மாறும் வேகத்தால் வகுத்தால் பெருகத் தொடங்கிய காலம் கிடைக்கும்.

பிழை நுழைவது அந்த வேகத்தில்தான். வட, தென் அமெரிக்காவை இணைத்துக் கடலை இரண்டாகப் பிரித்த பனாமா நிலப்பாலம் மூடிய, சுமார் 30 லட்சம் ஆண்டுக் கணக்கிலிருந்து எடுத்த வேகம் அண்மைக்காலத்துக்கு மிக மெதுவானது. அதைப் போட்டால் திட்டு வறண்டு கிடந்த காலத்திலேயே விலங்குகள் அங்கே பெருகியதாக விடை வரும், கடலே இல்லாத இடத்தில்! 2012இல் கடலுயிர் மரபணு ஆய்வாளர் எரிக் கிராண்டல் குழு கணக்கைத் திருப்பிப் போட்டது. வெள்ளம் வந்த காலம் தெரிந்ததுதானே, அதையே அளவுகோலாக்கி வேகத்தைக் கண்டார்கள். பழைய கணக்கைவிட வேகம் கூடுதலாக வந்தது. இந்தத் திட்டில் ஏறிய கடல் உலகத்துக்கே கடிகாரம் திருத்திக் கொடுத்திருக்கிறது என்பதை நடைபாதைப் பலகை எதிலாவது எழுதிவைக்க வேண்டும்.

ஆனால் நட்சத்திர வடிவைக் கண்டதுமே பனியுகம் என்று முடிவுகட்டக் கூடாது. அந்த மரபணுவுக்குச் சாதகமான இயற்கைத் தேர்வும் இதே வடிவைத் தரும். தாய்வழி மரபணு ஒன்றை மட்டும் நம்பாமல் உட்கருவின் பல இடங்களையும் படித்தாக வேண்டும்.

நிலம் குறுக்கே நின்ற தடமும் இன்னும் அழியவில்லை. நீல நட்சத்திர மீனில் இந்தியப் பெருங்கடல் கூட்டமும் பசிபிக் கூட்டமும் வேறுபடுவதை 1998இல் காட்டினார்கள். 2000இல் பால் பார்பர் குழு இந்தோனேசியாவின் ஒரு மாண்டிஸ் இறாலில் ஜாவாக் கடலுக்கும் புளோரஸ் கடலுக்கும் இடையே கூர்மையான பிளவைக் கண்டது. லார்வா எனும் இளம்பருவம் வாரக்கணக்கில் மிதந்தும் அந்தக் கோடு கலையவில்லை.

நடைபாதையிலிருந்து இறங்காதீர்கள், மிதித்தால் வளைகள் நொறுங்கும். கைப்பிடியில் சாய்ந்து மணலை மட்டும் பாருங்கள். மணல் நண்டு வளையைச் சுற்றிக் கடுகளவு உருண்டைகள் கதிர் கதிராகப் பரந்திருக்கும். மணலை வாயில் போட்டு உணவை வடித்துவிட்டு உருட்டிப் போட்டவை அவை. அடுத்த ஓதம் வந்ததும் கரைந்துவிடும்.