புனுகுக்குள் ஒளிந்திருக்கும் பொன்

தஞ்சாவூர் மேல வீதியில் பங்காரு காமாட்சி சந்நிதியில் நின்றபோது அர்ச்சகர் தீபத்தை அம்மன் முகத்துக்கு நேராக உயர்த்தினார். கன்னங்கரேலென்ற முகம். நெருப்பு ஆடும்போது கண்கள் மட்டும் தெரிந்தன. "உள்ளே இருக்கிறது பொன்னுடி" என்று பாட்டி காதருகே சொன்னாள். அப்போது எனக்கு பத்து வயது.

பங்காரு என்றால் தெலுங்கில் தங்கம். காஞ்சிபுரத்தில் இருந்த தங்க விக்கிரகம் இது. படையெடுப்புக் காலத்தில் அம்மனைக் காப்பாற்ற, ஊர் விட்டு ஊராகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடையார்பாளையம், திருவாரூர், கடைசியில் தஞ்சை. வழியில் யார் கண்ணிலும் பொன் மின்னக்கூடாதே! அதனால் புனுகு என்ற வாசனைப் பசையைப் பூசிக் கருப்பாக்கினார்களாம். அந்தப் பூச்சு இன்றும் தொடர்கிறது.

அம்மனைச் சுமந்து வந்த அர்ச்சகர் குடும்பத்தில்தான் கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரி 1762-ல் திருவாரூரில் பிறந்தார். அவர் கீர்த்தனைகளில் வரும் அந்த அம்மா என்ற கெஞ்சல், வீட்டிலேயே இருந்த ஒருத்தியைக் கூப்பிடுவது போலத்தான் எனக்குக் கேட்கிறது.

சிவனின் மனைவி சதிதேவியின் உடல் துண்டுகளாக விழுந்த இடங்களே சக்திபீடங்கள், காஞ்சியில் விழுந்தது நாபி என்பது ஒரு கதை. பாட்டிக்கு அதில் அத்தனை ஈடுபாடில்லை. அவளை உருக்கியது, பயந்து ஓடிய மனிதர்கள் தெய்வத்தை மடியில் வைத்து ஓடினார்கள் என்பதுதான். போன வாரம் மறுபடி போனேன். புனுகு வாசனை அப்படியே இருந்தது.