ஒற்றை டிக்கில் நிற்கும் அரிசி

திருத்துறைப்பூண்டி, மன்னார்குடிப் பக்கம் பாரம்பரிய அரிசி விற்பவர்கள் பலரிடம் கேட்கும் புலம்பல் இது: "தூயமல்லி புது அரிசி வந்திருக்குன்னு வாட்ஸ்அப்ல எல்லாருக்கும் போட்டாச்சு, ஒருத்தர்கூட திரும்பிக் கேக்கல."

அனுப்பிய பிராட்காஸ்ட் செய்தியை (ஒரு பட்டியலில் உள்ள எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தனித்தனியாகப் போகும் செய்தி) அழுத்திப் பிடித்து 'தகவல்' என்பதைத் திறந்து பாருங்கள். பல பெயர்கள் 'சேர்ந்தது' பட்டியலிலேயே இருக்காது. வாங்குகிறவர் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்திருந்தால்தான் பிராட்காஸ்ட் போய்ச் சேரும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். அவர்களில் யார் சேமிக்கவில்லை என்று ஆப் தனியாகச் சொல்லாது. ஸ்டேட்டஸுக்கும் இதே கதைதான்.

அதனால் முதல் ஆர்டரை உறுதி செய்யும்போதே உங்கள் கான்டாக்ட் கார்டையும் அனுப்பிவிடுங்கள். "சேமித்து வைத்தால் அடுத்த அறுவடைத் தகவல் வரும்" என்று ஒரு வரி போதும். அதையே பையின் மேலும் அச்சிடலாம்.

அடுத்து கேட்டலாக், அதாவது வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் பொருள்களைப் படத்தோடு காட்டும் பட்டியல். 'மாப்பிள்ளை சம்பா, 5 கிலோ' என்று மட்டும் போட்டால் கேள்வி கேட்டே ஆள் களைத்துவிடுவார். பச்சையா புழுங்கலா, தீட்டியதா தீட்டாததா, எந்த மாதம் அரைத்தது, கூரியர் சேர்த்து என்ன விலை, நான்கையும் எழுதுங்கள். படத்தை டியூப்லைட்டில் எடுக்காதீர்கள், சிவப்பு அரிசி சாம்பல் பூத்துத் தெரியும். காலை வெயில் படாத திண்ணையில், உள்ளங்கையில் ஒரு பிடி அள்ளி எடுத்தால் மணியின் அளவும் புரியும்.

வாடிக்கையாளர் அதிகம் பேசுவது புகாரில்தான். "அரிசி வேகவே இல்லை" என்றால் பெரும்பாலும் ஊறப்போடவில்லை என்று அர்த்தம். மாப்பிள்ளை சம்பாவும் கருப்பு கவுனியும் இரவு முழுக்க ஊற வேண்டும். இந்தக் குறிப்பை பிசினஸ் ஆப்பின் 'விரைவு பதில்'களில் சேமித்துவிட்டால் சாய்கோடு (/) தட்டியதும் வந்து நிற்கும். ஆனால் கேட்கும்வரை காத்திருக்காமல், பார்சல் போய்ச் சேரும் அன்றே அனுப்புவதுதான் புத்திசாலித்தனம்.

வண்டுப் புகாருக்கும் ஒரு பதில் தயாராக இருக்கட்டும்: நிழலில் உலர்த்தி, புடைத்து, காய்ந்த மிளகாய் போட்டு வைக்கச் சொல்லுங்கள். தீட்டாத அரிசியின் தவிட்டில் எண்ணெய் இருப்பதால் நாள்பட்டால் காறல் வாடை வரும். நாலு பேர் வீட்டுக்கு 25 கிலோ மூட்டையைத் தள்ளிவிட்டு, பிறகு சமாதானம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். வாங்கிய மாதத்தை பிசினஸ் ஆப்பில் அவர் பெயருக்கு லேபிளாகப் போட்டு வைத்தால், தீரும் சமயம் பார்த்து தனியாக ஒரு செய்தி அனுப்பலாம். பத்து பிராட்காஸ்ட் செய்யாத வேலையை அது செய்யும்.

இன்ஸ்டாகிராமில் நெல் அவிக்கும் ரீலுக்குக் கீழே "விலை?" என்று கேட்பவரிடம் "டிஎம் பண்ணுங்க" என்னாதீர்கள். அங்கேயே விலையை எழுதுங்கள். பார்ப்பவர்களில் பலர் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள்.

ஆயிரக்கணக்கில் ஒரே தட்டலில் அனுப்பித் தருகிறோம் என்று விற்கப்படும் மென்பொருள்கள் பக்கம் மட்டும் போகவேண்டாம். வாட்ஸ்அப் எண்ணையே முடக்கிவிடும். பையில் அச்சடித்ததும் கடை போர்டில் எழுதியதும் அந்த எண்தானே.