கோச்சுக்கு மார்க் போடும் வேலை

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. தேங்க்ஸ்கிவிங் லீவு. முந்தின நாள் சாம்பாரைச் சூடு பண்ணிச் சாதத்தில் ஊற்றிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். கொலம்பஸ் நகரத்தில் ஓஹாயோ ஸ்டேட்டும் மிச்சிகனும் மோதுகிற வருஷாந்திர அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ஆட்டம். ஓஹாயோ அப்போது தேசிய அளவில் இரண்டாம் இடத்தில் இருந்தது. மிச்சிகனுக்கு அந்த வருஷம் அதுவரை ஆறு வெற்றி, ஐந்து தோல்வி. ஆட்டம் வெறும் சம்பிரதாயம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கடைசி நிமிடத்தில் மிச்சிகன் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து ஒரு ஃபீல்ட் கோல் அடித்து 13-10 என்று ஜெயித்துவிட்டது. அப்புறம் மைதானத்தின் நடுவில் கொடியை நடப்போய், அது கைகலப்பாகி, போலீஸ் மிளகு ஸ்ப்ரே அடிக்கிற அளவுக்குப் போனது.

அதை நான் பிறகுதான் பார்த்தேன். ஆட்டம் முடிந்ததும் லேப்டாப்பைத் திறந்துவிட்டேன். ஓஹாயோ ஸ்டேட்டின் ஹெட் கோச் ரயன் டே எங்கள் பட்டியலில் நான்காவது இடத்தில் இருந்தார். பட்டியல் திங்கட்கிழமை காலை வாடிக்கையாளர் கைக்குப் போயாக வேண்டும். மேனேஜரிடமிருந்து ஒரே வரி வந்தது: "இவரை இன்னும் நாலாவதாகவே வைக்கப் போகிறோமா?"

என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் மேல்மட்டப் பிரிவில் மட்டும் அந்த வருஷம் 134 டீம்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெட் கோச். அவர்களை வரிசைப்படுத்துவது எங்கள் சிறிய கம்பெனியின் தொழில். கோச் தேடுகிற கல்லூரிகளும், கல்லூரிகளுக்காகக் கோச் தேடித் தருகிற ஏஜென்சிகளும் எங்கள் அறிக்கையை வாங்குவார்கள். "வாத்தியாருக்கே மார்க் போடுறியாடா?" என்று அம்மா போனில் சிரிப்பாள். இங்கே அந்த வாத்தியார் வாங்குகிற சம்பளத்தைச் சொன்னால் நம்ப மாட்டாள். பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குகிறவர்களிலேயே அதிகம் வாங்குகிறவர் கவர்னர் இல்லை, அரசுக் கல்லூரியின் ஃபுட்பால் கோச். 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் கல்லூரி ஜிம்போ ஃபிஷரை வேலையை விட்டு அனுப்பியபோது, ஒப்பந்தப்படி அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்த தொகை ஏழரைக் கோடி டாலருக்கும் மேல். வேலை செய்யாமல் இருப்பதற்கு! ஆள் தேர்வு தப்பினால் இவ்வளவு செலவாகும் என்பதால்தான் எங்களைப் போன்றவர்களுக்குச் சோறு.

2019-ல் சேர்ந்தேன். அதற்கு முன் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து க்ளெய்ம்களை எண்ணிக்கொண்டிருந்தேன். கிரிக்கெட் தவிர வேறு ஆட்டம் தெரியாது. இங்கே ஃபுட்பால் என்பது பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவது என்பதே பழக நாளானது. டீமில் எனக்கு அடுத்த இருக்கை ஓர் அலபாமாக்காரருக்கு. அறுபதைத் தாண்டியவர், ரொம்ப வருஷம் பள்ளிக்கூட டீம்களுக்குக் கோச்சாக இருந்தவர். அவர்தான் எனக்குப் பால பாடம் எடுத்தார்.

பழகுவதற்காக எனக்குக் கொடுத்த முதல் வேலை, 1980-க்குப் பிறகு ஹெட் கோச்சாக இருந்தவர்களை வரிசைப்படுத்துவது. இதிலென்ன கஷ்டம், வெற்றியை மொத்த ஆட்டத்தால் வகுத்தால் சதவீதம் வந்துவிடப் போகிறது என்று மத்தியானத்துக்குள் முடித்துக் காட்டினேன். பெரியவர் திரையை மேலிருந்து கீழே உருட்டினார், உருட்டிக்கொண்டே இருந்தார். "பில் ஸ்னைடர் எங்கே?" தேடிக் காட்டினேன். ரொம்பக் கீழே இருந்தார். 215 வெற்றி, 117 தோல்வி, ஒரு டிரா. மனுஷர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கேன்சஸ் ஸ்டேட் கல்லூரி 1988 முடியும்போது தொடர்ந்து 27 ஆட்டம் ஜெயிக்காமல் இருந்தது. 26 தோல்வி, ஒரு டிரா. நாட்டிலேயே மோசமான டீம் என்று பத்திரிகைகள் எழுதின. அயோவாவில் உதவிக் கோச்சாக இருந்த ஸ்னைடர் 1989-ல் அங்கே போய்ச் சேர்ந்தார். முதல் வருஷம் ஒரே ஒரு வெற்றி, அதுவும் நார்த் டெக்சஸுக்கு எதிராக, ஆட்டத்தின் கடைசி நொடியில் 20-17. அடுத்த வருஷம் ஐந்து, அதற்கடுத்து ஏழு. 1998-ல் வழக்கமான சீசனின் 11 ஆட்டங்களையும் ஜெயித்தார்கள். தேசிய சாம்பியன் பட்டம் மட்டும் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. என் கணக்கில் அந்த முதல் வருஷத்தின் பத்துத் தோல்விகளும் அவர் கழுத்தில் தொங்கின. பெரியவருக்கோ அந்த ஒரு வெற்றிதான் அவருடைய முழு வரலாறு.

யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்களே, ஓஹாயோ ஸ்டேட், அலபாமா போன்ற இடங்கள் அப்படி. லட்சம் பேர் உட்காரும் மைதானம், நாடு முழுக்க எந்தப் பையனைக் கூப்பிட்டாலும் வந்துவிடுவான். அங்கே எட்டு ஆட்டம் ஜெயித்தால் ஊர் கோச்சை விரட்டும். வேறோர் ஊரில் எட்டு ஜெயித்தவருக்குச் சிலையே வைப்பார்கள். எனவே கணக்கை மாற்றினேன். கையில் இருக்கிற ஆட்டக்காரர்கள் எந்தத் தரம், கல்லூரியின் முந்தைய ஐந்து வருஷம் எப்படி, எதிராளிகள் யார், இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் ஒரு சராசரிக் கோச் எத்தனை ஆட்டம் ஜெயித்திருப்பார்? அதற்கு மேலே வந்ததும் கீழே போனதும்தான் இவருடைய பங்கு. இன்ஷூரன்ஸில் செய்ததும் ஏறக்குறைய இதுதான்: விபத்து நடந்ததா என்று பார்ப்பதோடு நிற்காமல், அந்த ரோட்டில் எத்தனை விபத்து நடக்கும் என்று முதலில் பார்ப்பது.

இந்தக் கணக்கு ராணுவக் கல்லூரிகளிடம் தடுமாறும். படிப்பு முடிந்ததும் ராணுவத்தில் பணியாற்ற வேண்டும் என்றால் எந்த நட்சத்திரப் பையன் வருவான்? ஆட்டக்காரர்களின் தர மதிப்பீடு அடிமட்டத்தில் இருக்க, ஜெஃப் மாங்கன் ஆர்மியை 2024-ல் 12 ஆட்டம் ஜெயிக்க வைத்தார். என் மாடலில் அவர் மேலே பறந்தே போய்விட்டார். சரி, அதைக் கையால் கொஞ்சம் இழுத்துப் பிடித்தேன். அதை இப்போதும் ஒப்புக்கொள்கிறேன்.

அந்த முதல் பட்டியலில் இன்னொரு கூத்தும் நடந்தது. இரண்டு இடங்களிலிருந்து எடுத்த தரவை ஒட்டினேன். பென் ஸ்டேட்டின் ஜோ பட்டர்னோவுக்கு ஒன்றில் 409 வெற்றி, மற்றதில் 298. ஒரு மதியம் முழுக்க ஃபார்முலாவில்தான் தப்பு என்று தேடினேன். தப்பு எக்செல்லில் இல்லை. ஒரு குற்ற விவகாரத்தின் தண்டனையாக 2012-ல் அவருடைய 111 வெற்றிகளை ரத்து செய்து, 2015 ஜனவரியில் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். பழைய அட்டவணையை யாரும் திருத்தவில்லை. ஃபுளோரிடா ஸ்டேட்டின் பாபி பௌடனுக்கும் இதே கதை, ஆனால் ரத்தான 12 வெற்றிகள் திரும்பவில்லை. 389 ஜெயித்தவருக்கு ஏட்டில் 377. எதை எடுத்துக்கொள்வது என்று கேட்டேன். "அன்றைக்குப் பசங்கள் ஆடினார்களா, இல்லையா?" என்றார் பெரியவர். அன்றிலிருந்து கணக்குக்கு ஆடிய ஆட்டம், அறிக்கையில் அச்சாவதற்கு அதிகாரபூர்வ எண் என்று எக்செல்லில் இரண்டு கட்டம் வைத்திருக்கிறேன்.

அந்த வேலையில் என்னை ரொம்ப நாள் உறுத்தியவர் ஸ்காட் ஃப்ராஸ்ட். 2017-ல் சென்ட்ரல் ஃபுளோரிடாவுக்கு ஒரு தோல்விகூட இல்லாத சீசனைக் கொடுத்துவிட்டு, தான் ஆடிய நெப்ராஸ்காவுக்கே கோச்சாகப் போனவர். ஊரே மாலை போட்டு வரவேற்றது. 2021-ல் நெப்ராஸ்கா மூன்று ஜெயித்து ஒன்பது தோற்றது. அந்த ஒன்பதில் ஒன்றிலும் வித்தியாசம் பத்துப் புள்ளியைத் தொடவில்லை. புள்ளியியல் படித்தவனுக்கு இதைப் பார்த்தால் கை பரபரக்கும். நூலிழையில் முடியும் ஆட்டங்களில் பெரும்பங்கு அதிர்ஷ்டம், தரையில் விழுந்த பந்து யார் கைக்குப் போகும் என்பது பூவா தலையாதான், அடுத்த வருஷம் எல்லாம் சமனாகிவிடும். அப்படியே அறிக்கையில் எழுதி அவரை முப்பது இடம் மேலே ஏற்றினேன். பெரியவர் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "ஒருதரம் தடுக்கினால் கல். தினமும் தடுக்கினால் நடை" என்றார்.

2022-ன் முதல் ஆட்டம் அயர்லாந்தில், டப்ளின் நகரத்தில். நார்த்வெஸ்டர்னுக்கு எதிராக மூன்றாம் கால்பகுதியில் 28-17 என்று முன்னிலை. அந்த நேரத்தில் ஃப்ராஸ்ட், பந்தை எதிராளிக்கு நீளமாக உதைத்துக் கொடுக்காமல், குட்டையாக உதைத்துத் தானே பிடித்துவிடலாம் என்று ஒரு திடீர் வித்தையை முயன்றார். பிடிக்க முடியவில்லை. 31-28 என்று தோற்றார்கள். இரண்டு வாரம் கழித்து ஜார்ஜியா சதர்னிடமும் மூன்று புள்ளியில் தோற்க, வேலை போனது. நெப்ராஸ்காவில் அப்படி நெருக்கமாக முடிந்த ஆட்டங்களில் அவருக்கு ஐந்து வெற்றி, 22 தோல்வி. இருபத்தேழு தடவை காசைச் சுண்டினால் இப்படி விழாது. நான் அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிய அந்தக் கட்டத்துக்குள்தான் அவர் எடுத்த முடிவுகள் இருந்தன. அன்றைக்கு யாரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர் மட்டும் என் மேசையில் ஒரு டோனட்டை வைத்துவிட்டுப் போனார்.

ஒரே ஓர் ஆட்டக்காரர் கோச்சின் மார்க்கை ஏற்றிவிடுவதும் உண்டு. ஐந்து வெற்றி, 19 தோல்வி என்ற கணக்கோடு ஆபர்னுக்கு வந்த ஜீன் சிசிக், 2010-ல் கேம் நியூட்டன் என்ற க்வாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) கிடைத்ததும் 14 ஆட்டமும் ஜெயித்துப் பட்டம் வாங்கினார். இரண்டே வருஷத்தில் வேலை போனது. எல்எஸ்யூ என்கிற லூசியானா ஸ்டேட் கல்லூரியின் எட் ஓர்ஜரான் கதையும் கிட்டத்தட்ட அதுதான்: 2019-ல் ஜோ பரோ என்ற க்வாட்டர்பேக்கோடு 15-க்கு 15, 2021 முடியும்போது வெளியே. பட்டத்துக்குத் தனி மார்க் வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். கொடுக்கிறோம். மனசுக்குள் எனக்குச் சம்மதமில்லை.

எதிர்ப்பக்கம் இருக்கிறார் கர்ட் சிக்னெட்டி. அலபாமாவில் நிக் சேபனிடம் உதவியாளராக இருந்தவர், ஐம்பதை நெருங்குகிற வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு, பென்சில்வேனியாவில் இரண்டாம் பிரிவுக் கல்லூரி ஒன்றுக்கு ஹெட் கோச்சாகப் போனார். பிறகு ஈலான், பிறகு ஜேம்ஸ் மேடிசன். போன இடமெல்லாம் ஜெயித்தார். ஆனால் எங்கள் மாடல் மேல்பிரிவு ஆட்டங்களை மட்டும் படிக்கும். 2023 வரைக்கும் அவரை "போதிய தரவு இல்லை" என்று சாம்பல் நிறத்தில் வைத்திருந்தோம். பத்து வருஷத்துக்கு மேல் ஜெயித்த மனுஷருக்குப் போதிய தரவு இல்லையாம்! முந்தின வருஷம் மூன்றே ஆட்டம் ஜெயித்திருந்த இண்டியானா அவரை எடுத்தது. 2024-ல் 11 வெற்றி. அதற்கடுத்த சீசனில் 16 ஆட்டமும் ஜெயித்துத் தேசிய சாம்பியன். கீழ்ப்பிரிவு ஆட்டங்களையும் சேர்த்துப் படிக்க இப்போது மாடலை மாற்றிக்கொண்டிருக்கிறேன். காலங்கடந்த ஞானம்தான்.

சரி, ரயன் டே. அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு மேனேஜர், பெரியவர், நான் மூவரும் வீடியோ காலில் உட்கார்ந்தோம். டேயின் கணக்கு அப்போது 66 வெற்றி, 10 தோல்வி. அந்தப் பத்தில் நான்கு மிச்சிகனிடம், வரிசையாக நான்கு சந்திப்புகளில். ஒன்பதாவதுக்கு இறக்கு என்றார் மேனேஜர், இல்லையென்றால் வாடிக்கையாளர் சிரிப்பார் என்றார். ஓர் ஆட்டத்துக்கு ஐந்து இடம் இறக்கினால் மாடல் எதற்கு என்று நான் கேட்டேன். பெரியவர் வழக்கம்போல் அலபாமாவுக்குப் போனார். 2007-ல் சேபன் அங்கே வந்த முதல் வருஷம், சொந்த மைதானத்திலேயே லூசியானா மன்றோ என்ற சின்னக் கல்லூரியிடம் தோற்றதும், சீசன் ஏழு வெற்றி, ஆறு தோல்வியில் முடிந்ததும், சலூனில் எல்லோரும் என்ன பேசினார்கள் என்பதும் அவருக்கு அப்படியே ஞாபகம் இருந்தது. அதே சேபன் அலபாமாவுக்கு ஆறு பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் 2024 ஜனவரியில் ஓய்வு பெற்றார். "அந்த நவம்பரில் நீங்கள் பட்டியல் போட்டிருந்தால்?" என்று கேட்டார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் ஆறாவது இடம் என்று பேரம் படிந்தது. நாலுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. அதற்கு வேறு எந்த நியாயமும் கிடையாது. நாலாவதுக்கும் ஆறாவதுக்கும் உள்ள வித்தியாசம் மாடலின் பிழை எல்லைக்குள்ளேயே அடங்கிவிடும் என்று நானும் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அந்த வருஷம்தான் தேசிய சாம்பியனைத் தீர்மானிக்க 12 டீம்கள் ஆடும் பிளேஆஃப் முதன்முதலாக வந்தது. பழைய முறையாக இருந்திருந்தால் மிச்சிகன் தோல்வியோடு ஓஹாயோவின் கதை அநேகமாக முடிந்திருக்கும். இப்போது கதவு திறந்திருந்தது. டென்னசியை 42-17, ஓரிகனை 41-21, டெக்சஸை 28-14, இறுதி ஆட்டத்தில் நோட்டர் டேமை 34-23. கொலம்பஸில் டேயைத் திட்டித் தீர்த்த ஐம்பத்தோராவது நாள் அட்லாண்டாவில் அவர் கையில் கோப்பை. நான் பாதி ஆட்டத்திலேயே தூங்கிவிட்டேன். மறுநாள் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்.

பிப்ரவரியில் புதுப் பட்டியல் தயாரானது. டே இரண்டாவது. மேனேஜர் வாடிக்கையாளருக்கு எழுதிய மெயிலில் "நாங்கள் தொடர்ந்து சொல்லிவந்ததுபோல" என்று ஒரு வாக்கியம் இருந்தது. சொல்லிவந்தோமா என்று பார்க்க டிசம்பர் கோப்பைத் திறந்தேன். டேயின் பெயர் உள்ள கட்டத்தில் மஞ்சள் அடித்து நான் ஒரு குறிப்பு போட்டிருந்தேன்: "மிச்சிகன் தோல்விக்காக இரண்டு இடம் இறக்கியது. திங்கட்கிழமை மறுபடி பார்க்கவும்." எந்தத் திங்கட்கிழமை என்று எழுதவில்லை. இறுதி ஆட்டம் நடந்த ஜனவரி 20-ம் திங்கட்கிழமைதான்.