ஸ்பிளெண்டர் கோன் செட்: தராசு கட்டி டைட் பிடித்தது

முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்திவிட்டு ஹேண்டிலை நடுவிலிருந்து ஒரு விரலால் லேசாகத் தள்ளினால் போதும், தானாகவே போய் ஸ்டாப்பரில் முட்டி நிற்கிறது. இடது பக்கமும் அப்படித்தான், வலது பக்கமும் அப்படித்தான். ஹீரோவும் ஹோண்டாவும் பிரிவதற்கு முன்னால் வந்த ஸ்பிளெண்டர் ப்ளஸ் இது. ஹேண்டில் திரும்புவதற்காக ஃபிரேமின் கழுத்தில் இருக்கிற பேரிங்தான் கோன் செட், அதை வீட்டு முற்றத்தில் வைத்து நானே மாற்றியதில் எனக்கு ரொம்பப் பெருமை.

கோளாறு தெரிந்தது ஆரல்வாய்மொழியில். நாகர்கோவிலிலிருந்து காவல்கிணறு போகிறவர்களுக்குத் தோவாளை தாண்டியதும் அடிக்கிற காற்றைப் பற்றிச் சொல்லித் தர வேண்டாம். ஆனி, ஆடியில் கணவாய்க்குள் நுழைகிற காற்று நூற்றுப் பத்து கிலோ வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். ஹேண்டிலில் கொஞ்சம் எதிர்ப்பக்கம் கொடுத்தால் வண்டி நேராகிவிடும். ஆனால் கோன் செட்டில் பந்துகள் உருளுகிற வளையமான ரேஸில், ஹேண்டில் நேராக நிற்கும் இடத்தில் பள்ளம் விழுந்த வண்டியில் அந்தக் கொஞ்சம் கிடைக்காது. பள்ளத்தை விட்டு வெளியே வர அழுத்தம் கொடுக்க வேண்டும், வந்த வேகத்தில் தேவைக்கு மேல் திரும்பும், திருத்தப் போனால் மறுபடி பள்ளத்தில் விழும். முப்பந்தல் காற்றாலைகளைக் கடந்து முடிவதற்குள் தோள்பட்டை இறுகிவிடும்.

ஒரு சர்வீஸ் கடையில் காட்டினேன். நட்டை இன்னும் கொஞ்சம் முறுக்கி, ஆட்டம் இல்லை பார் என்று கொடுத்துவிட்டார்கள். பள்ளம் விழுந்த கோனை முறுக்கினால் டக் டக் சத்தம் போகும், உண்மைதான். ஆனால் பந்து பள்ளத்தில் இன்னும் அழுந்தி உட்காரும். ஓட்டுவதற்கு அது முன்னைவிட மோசம். இதைத் தெரிந்தே செய்கிற கடைகள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

குழியில் விழுந்து விழுந்து ரேஸ் அடிபடுகிறது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் நேர் ரோட்டில் ஹேண்டில் சில டிகிரிக்கு மேல் திரும்புவதே இல்லை. அதே இடத்தில் பந்து நடுங்கி நடுங்கி கிரீஸை வெளியே தள்ளிவிடுகிறது. பிறகு உலோகம் உலோகத்தோடு உரசி, துருத்தூள் வந்து, பள்ளம் விழுகிறது. 1900-இல் எஃகுப் பந்தை அழுத்தி உலோகத்தின் கடினத்தை அளக்கும் முறையைத் தந்த சுவீடன்காரர் பிரினெல் பெயரால் இதை ஃபால்ஸ் (போலி) பிரினெல்லிங் என்பார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கடல் உப்பும் இரண்டு பருவ மழையும் வேறு சேர்கின்றன. என் வண்டியில் கீழ் ரேஸில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள். மேல் ரேஸ் ஏறக்குறைய புதுசு மாதிரி.

கழற்றுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். கீழ் ரேஸ் மட்டும் சண்டித்தனம் செய்யும். ஃபிரேமுக்குள் கம்பி விட்டுத் தட்ட விளிம்பே கிடைக்கவில்லை. கோட்டாறில் ஒரு லேத் பட்டறை அண்ணாச்சியிடம் போனில் கேட்டேன். "அடிச்சு எடுக்கப் பாக்காதே மக்கா, உள்வட்டத்துல ஒரு கோடு வெல்டு இழு, ஆறினதும் தானா விழும்" என்றார். வெல்டு ஆறும்போது சுருங்கி ரேஸையும் சேர்த்து இழுக்கிறது. பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு இழுத்தோம், ஆறியதும் விரலோடு வந்துவிட்டது. புது ரேஸை இரவு முழுக்க ஃபிரீசரில் வைத்து, பழைய ரேஸையே மேலே வைத்துத் தட்டி இறக்கினேன். அந்தப் பழைய ரேஸில் கிரைண்டரால் ஒரு வெட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதுவும் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

பந்துக்குப் பதில் டேப்பர் ரோலர், அதாவது ஒரு முனை குறுகிய உருளைகள் உள்ள பேரிங், போட்டிருக்கிறேன். பந்து ரேஸைப் புள்ளியாகத் தொடுகிறது, ரோலர் கோடாகத் தொடுகிறது, அதனால் சுமை பரவும். கிரீஸ் விஷயத்தில் குளச்சல் பக்கம் போட் இன்ஜின் வேலை பார்க்கிறவர்களைக் கேட்டது நல்லதாயிற்று. உப்புத் தண்ணீர் படுகிற இடத்துக்குக் கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸ் என்றார்கள். பழைய லித்தியம் கிரீஸை ஒரு பொட்டு விடாமல் மண்ணெண்ணெயில் கழுவிவிட்டுத்தான் அதை வைத்தேன்.

இனி டைட், அதாவது கோனை எவ்வளவு இறுக்கி வைப்பது என்பது. முழு வேலையும் இதில்தான் இருக்கிறது.

கையால் பார்த்து டைட் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், நல்ல கைக்கு அது போதும். எனக்கு எண் வேண்டும். மீன்காரர்கள் வைத்திருக்கிற டிஜிட்டல் கொக்கித் தராசு ஒன்று வாங்கினேன். சக்கரம் அந்தரத்தில் இருக்க, அதைப் பிடித்திருக்கிற ஃபோர்க் குழாயில் கயிறு கட்டி, குழாய்க்குச் செங்குத்தாக இழுக்க வேண்டும். ஹேண்டில் அசையத் தொடங்குகிற கணத்தில் தராசு என்ன காட்டுகிறதோ அதுதான் கணக்கு. பல ஹோண்டா சர்வீஸ் மேனுவல்களில் இது 1 முதல் 1.5 கிலோ வரை இருக்கும். கிளட்ச், ஆக்சிலரேட்டர் கேபிள்களையும் ஒயரிங்கையும் விலக்கிவிட்டு அளக்காவிட்டால் கேபிளின் இழுப்பைத்தான் அளப்பீர்கள். பழைய கோனைக் கழற்றும் முன்பே இப்படி அளந்திருந்தேன்: நடுவில் இரண்டு கிலோவுக்கு மேல், அதைத் தாண்டியதும் அரைக் கிலோகூட இல்லை. பள்ளத்துக்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

சிக்கல் என்னவென்றால், கோனை இறுக்குகிற, காடி வெட்டிய கீழ் நட்டைச் சரியான எண்ணில் வைத்துவிட்டு மேலே டி-யை (ஃபோர்க் குழாய்களை மேலே சேர்த்துப் பிடிக்கிற பாகம்) போட்டுப் பெரிய நட்டை முறுக்கினால் எண் ஏறிவிடும். கீழ் நட்டின் மரையில் முடியளவு ஆட்டம் இருக்கிறது. மேல் டி அழுத்தும்போது நட்டு அந்த முடியளவு கீழே இறங்கி ரோலரை நெருக்குகிறது. அதனால் கீழ் நட்டை முதலில் நன்றாக முறுக்கி, ஹேண்டிலை இரு பக்கமும் முழுசாகத் திருப்பித் திருப்பி ரோலரை உட்கார வைத்து, பிறகு தளர்த்தி, வேண்டியதைவிடக் குறைவான எண்ணில் நிறுத்த வேண்டும். மேல் நட்டை முறுக்கியபின் மறுபடி அளக்க வேண்டும். என் வண்டியில் கீழ் நட்டு அரைக் காடி நகர்ந்தாலே எண் தாவுகிறது. ஃபோர்க்கின் மேல் போல்ட்டுகளைக் கடைசியில்தான் முறுக்க வேண்டும், முன்கூட்டி முறுக்கினால் டி கீழே இறங்காது, எண் பொய்யாகும். கடைசியாக 1.2 கிலோவில் நின்றது, எந்தக் கோணத்திலும் அதே எண்.

பின் சக்கரம் முன் சக்கரத்துக்கு நேர்கோட்டில் இருக்கிறதா என்றும் கையோடு பார்த்துவிட்டேன். செயின் அட்ஜஸ்டர் கோடுகளை நான் நம்புவதில்லை. முன்னும் பின்னும் ஒரே அளவு, 2.75-18 டயர் என்பதால் தங்கூஸ் என்கிற நைலான் நரம்பைப் பின் டயரில் சுற்றி முன்னால் இழுத்துக் கட்டினால் விலகல் பளிச்சென்று தெரியும். இடப்பக்கம் கொஞ்சம் இழுத்து வைக்க வேண்டியிருந்தது.

மார்த்தாண்டம் மேம்பாலத்தில் இணைப்புகள் மேல் ஏறிப் பார்த்தேன், முன்னால் ஒரு சத்தமும் இல்லை. ஆரல்வாய்மொழியில் காற்று தள்ளுகிறது, விரல் நுனியில் திருத்தினால் வண்டி கேட்கிறது.

புது ரோலர் கொஞ்சம் ஓடினால் அமர்ந்து தளரும். அதனால் ஹெட்லைட் கூட்டை இன்னும் முழுசாகப் பூட்டவில்லை, ஒருமுறை தராசு போட்டபின்தான் பூட்டுவேன். அதற்குள் ஃபோர்க் ஆயிலில் மனசு போய்விட்டது. பிரேக் பிடித்தால் மூக்கு சட்டென்று இறங்குகிறது, ஆயில் தண்ணீராகியிருக்கும். வடசேரிக் கடையில் கிடைக்கிற ஃபோர்க் ஆயில் சீலின் உதடு ரொம்ப மெலிசாக இருக்கிறது, மார்த்தாண்டத்தில் ஒரு கடைக்காரர் நல்லது வரவழைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஐப்பசி மழைக்கு முன்னால் அதையும், முடிந்தால் பின் சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்மின் புஷ்ஷையும் மாற்றிவிட வேண்டும்.