11-ம் தேதி, 20-ம் தேதி

4 அக்டோபர் 2024, வெள்ளி

பழைய கம்பெனியில் கூட வேலை பார்த்தவள் போன் செய்தாள். இப்போது கிண்டி எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். அக்கவுண்ட்ஸில் ஒரு இடம் காலியாம். "நீ வீட்ல சும்மாதானே இருக்க, வந்து பாரேன்" என்றாள். அவள் 'சும்மா' என்று சொன்ன நேரத்தில் என் மடியில் ஒரு ஹார்டுவேர் கடையின் பர்ச்சேஸ் பில் கட்டு இருந்தது, வாயில் ரப்பர் பேண்ட். அதனால் பதில் சொல்ல முடியவில்லை.

எனக்கு 46 வயது. 2008-இல் மகள் பிறந்தபோது வேலையை விட்டேன். தமிழ்நாட்டில் வாட் என்ற விற்பனை வரி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அப்புறம் வீட்டில் இருந்தபடியே மடிப்பாக்கம், வேளச்சேரிக் கடைகளுக்குக் கணக்கு எழுத ஆரம்பித்தேன். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. அதுவரை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் பதறியடித்து வந்தார்கள். இப்போது 11 கடைகள். மாதம் 23,500 ரூபாய். வந்தால்.

10 அக்டோபர், வியாழன்

போன மாத விற்பனைக் கணக்கான ஜி.எஸ்.டி.ஆர்-1 போடக் கடைசி நாள் 11. நாளைக்கு ஆயுத பூஜையும் அதே 11. லேப்டாப்பைப் பூஜையில் வைக்க வேண்டும், வைத்தால் விஜயதசமி வரை தொடக் கூடாது. எனவே இன்றைக்கே எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்கிறேன். மணி இரவு 11.40. போர்ட்டலில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

11 அக்டோபர், வெள்ளி

பத்து கடைகள் முடிந்தன. பதினோராவது, பிரிண்டிங் பிரஸ்காரர். சாயங்காலம் ஆறரைக்குப் பொரி கடலைப் பொட்டலத்தோடு வந்தார். பொட்டலத்துக்கு அடியில் பில் புக். "பூஜை வேலைல மறந்துட்டேன் மேடம், இன்னிக்கித்தானே லாஸ்ட்?"

லேப்டாப்புக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, மேலே ஒரு செவ்வந்திப் பூவும் வைத்தாகிவிட்டது. நான் தயங்கி நிற்பதைப் பார்த்த மாமியார் சொன்னார்: "சரஸ்வதியக் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பிக்கச் சொல்லிட்டு எடுத்துக்கோ." எடுத்துக்கொண்டேன். என்டர் கீயில் இன்னும் குங்குமம் ஒட்டியிருக்கிறது.

15 அக்டோபர், செவ்வாய்

மழை. வேளச்சேரி மேம்பாலத்தில் நேற்றிலிருந்தே காரை வரிசையாக நிறுத்திவைத்திருக்கிறார்கள். ஐ.டி.காரர்களை வெள்ளி வரை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லி அரசாங்கமே கேட்டுக்கொண்டது. மாடி வீட்டுப் பையன் பால்கனியில் காபியோடு நின்றுகொண்டு, "ஆன்ட்டி, உங்களுக்குத் தினமும் இப்படித்தான், ஜாலி" என்றான்.

ஜாலிதான். மதியம் ஹார்டுவேர் அண்ணாச்சி கடைக்குள் தண்ணீர் வந்து, கீழ்த்தட்டில் இருந்த பில் பை நனைந்துபோனது. ஆள் மூலமாக அப்படியே என்னிடம் அனுப்பிவிட்டார். நானும் மகளும் ஹாலில் கொடி கட்டி, ஒவ்வொன்றாகக் கிளிப் போட்டுக் காயவிட்டோம். அவசரத்துக்கு அயர்ன் பாக்ஸும் எடுத்தேன். சூடு பட்டால் தெர்மல் பேப்பர் கறுத்துவிடும் என்று தெரியும், தெரிந்தும் ஒரு பில்லை முழுக்கக் கறுப்பாக்கினேன். நல்ல வேளை, பெரிய சப்ளையர்களின் பில் எல்லாம் நேற்று வந்த 2பி-யில், அதாவது சப்ளையர்கள் போட்ட கணக்கிலிருந்து போர்ட்டலே தரும் பட்டியலில், இருந்தன.

20 அக்டோபர், ஞாயிறு

3பி முடிந்தது. வரியைக் கட்டிப் போடும் மாத ரிட்டர்ன் அது, இன்றுதான் கடைசி நாள். ஒருவர் மட்டும் வரி கட்டப் பணம் புரளவில்லை என்று இழுக்கிறார். நாளையிலிருந்து அவருக்கு ஒரு நாளைக்கு 50 ரூபாய் லேட் ஃபீ, மேலே 18 சதவீத வட்டி. கடைசியில் திட்டு எனக்குத்தான் விழும்.

இந்த ஏழு வருஷத்தில் 20-ம் தேதியை ஒட்டி வந்த எந்தக் கல்யாணத்துக்கும் நான் நிம்மதியாகப் போனதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாமியாருக்கு முட்டி ஆபரேஷன் நடந்தபோது நாற்பது நாள் கூடவே இருந்தேன். ஆஸ்பத்திரி ஸ்டூலில் லேப்டாப்பை வைத்து வேலை பார்த்தேன். யாரிடமும் லீவு கேட்கவில்லை. கம்பெனி வேலையில் அது நடந்திருக்காது.

23 அக்டோபர், புதன்

இன்டர்வியூ. மெட்ரோவுக்குத் தோண்டிப்போட்ட ரோட்டில் ஸ்கூட்டியை உருட்டி, கிண்டி போய்ச் சேர ஒரு மணி நேரம்.

கேட்டவருக்கு முப்பது வயது இருக்கும். ரெஸ்யூமேயைப் பார்த்து, "பதினாறு வருஷம் கேப் இருக்கே மேடம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கேப் இல்லை, 11 கடை என்றேன். எஸ்.ஏ.பி. என்ற கம்பெனிக் கணக்கு சாஃப்ட்வேர் தெரியுமா என்றார். தெரியாது என்றேன்.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். சப்ளையர் பில் கொடுத்துவிட்டார், சரக்கும் வந்துவிட்டது, ஆனால் அந்த மாத 2பி-யில் இல்லை, என்ன செய்வீர்கள்? முதலில் அவர் மாதா மாதம் ரிட்டர்ன் போடுகிறவரா, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிறவரா என்று பார்ப்பேன் என்றேன். இரண்டாவது என்றால் பில் தாமதமாகத்தான் காட்டும், அதுவரை கிரெடிட்டை (வாங்கும்போது கொடுத்த வரிக்கான கழிவை) எடுக்காமல் தனியாக ஒரு பட்டியலில் வைப்பேன், பேமென்ட்டையும் கொஞ்சம் பிடித்து வைக்கச் சொல்வேன் என்றேன். பட்டியலில் என்னென்ன தலைப்பு போடுவீர்கள் என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் வேலையைச் சரியாகச் செய்கிறேனா என்று தெரிந்துகொள்ளக்கூடிய ஒரு ஆள் பதினாறு வருஷத்தில் என் எதிரே உட்கார்ந்ததில்லை. கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் வராவிட்டால் சரி. நான் அந்தப் பட்டியலை எவ்வளவு அழகாக வைத்திருக்கிறேன் என்பது எனக்கும் லேப்டாப்புக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

28 அக்டோபர், திங்கள்

கிடைத்துவிட்டது. 36,000, அதில் பேசிக் 18,000. டிசம்பர் 2 சேர வேண்டும். வெளிவேலை பார்க்கக் கூடாது என்று எழுத்தில் இருக்கிறது.

ராத்திரி நானும் அவரும் கணக்குப் போட்டோம். 58 வரை பன்னிரண்டு வருஷம். பி.எஃப். என் பங்கு 2,160, கம்பெனி பங்கு 2,160. சம்பளமே உயராவிட்டாலும், வட்டி சேர்க்காமல் 6,22,080. கிராஜுவிட்டி 1,24,615. பென்ஷன் கிடையாது. 2001 முதல் ஏழு வருஷம் பார்த்த வேலைக்கான பி.எஃப்., பென்ஷன் பணம் இரண்டையும் விட்டு வந்தபோதே எடுத்துவிட்டேன். பிரசவச் செலவுக்குப் போயிற்று. 2014 செப்டம்பருக்குப் பிறகு 15,000-க்கு மேல் பேசிக்கில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அந்தப் பென்ஷன் திட்டத்தில் இடமில்லை. எடுக்காமல் விட்டிருந்தால் பழைய ஏழு வருஷமும் சேர்ந்திருக்கும். அடுத்தவர்களுக்கு எல்லாம் பணத்தை எடுக்காதீர்கள் என்று புத்தி சொல்கிற வாய் இது.

மகள் பிளஸ் ஒன். "அடுத்த வருஷம் எனக்கு பிளஸ் டூம்மா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீ வீட்ல இருந்தாலும் 20-ம் தேதி வரைக்கும் என்கிட்ட பேசவா போற?" என்றும் அவளே சொன்னாள்.

31 அக்டோபர், வியாழன், தீபாவளி

மூன்று மாதப் பாக்கியை நினைவூட்டி நான்கு பேருக்கு மெசேஜ் போட்டிருந்தேன். ஒருவர் அனுப்பினார். இருவர் வாழ்த்துப் படம் அனுப்பினார்கள். ஸ்வீட் ஸ்டால்காரர் ஒரு கிலோ மைசூர்பாகு கொடுத்தனுப்பினார். பாக்கி 6,000. மைசூர்பாகு நன்றாகத்தான் இருந்தது.

கம்பெனிக்கு 'சரி' என்று மெயில் போட்டுவிட்டேன்.

5 நவம்பர், செவ்வாய்

கடைகளுக்குச் சொன்னேன். நவம்பர் 20 வரை நான், அதற்குப் பிறகு பக்கத்துத் தெருவில் பி.காம். முடித்துவிட்டு இருக்கும் பெண். 15-இலிருந்து அவளைக் கூடவே உட்கார வைக்கிறேன். கட்டணத்தையும் அவளுக்காகக் கொஞ்சம் ஏற்றிப் பேசினேன். எனக்காக ஏழு வருஷம் வராத தைரியம்.

அண்ணாச்சி மட்டும் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "போயிட்டு வாங்கம்மா. அந்தப் பிள்ளைக்குக் கறுத்த பில்லு கதையச் சொல்லி வையுங்க" என்றார். கல்லாவைத் திறந்து, இரண்டு மாதப் பாக்கியை எண்ணி வைத்தார்.

11 டிசம்பர், புதன்

எஸ்.ஏ.பி. திரையில் எங்கே எதை அழுத்துவது என்று என் மகளைவிட நான்கைந்து வயதே மூத்த பெண் சொல்லிக்கொடுக்கிறாள். டைரியில் வரைந்து வைத்துக்கொள்கிறேன். ஆறு மாதம் புரொபேஷன். ராத்திரி கண் எரிகிறது.

மத்தியானம் மூன்றரைக்குப் போன் அதிர்ந்தது. ஜி.எஸ்.டி. ஓ.டி.பி. பத்து கடைகளுக்குப் போர்ட்டலில் என் நம்பரை மாற்றிவிட்டேன். ஸ்வீட் ஸ்டாலை எப்படியோ விட்டிருக்கிறேன். அடுத்த நிமிஷமே கடைகளை எடுத்துக்கொண்ட பி.காம். பெண்ணின் கால்: "அக்கா, வந்துச்சா?"

காரிடாருக்குப் போய், குரலைத் தாழ்த்தி, ஆறு எண்களையும் சொன்னேன். சப்மிட் ஆகிவிட்டது என்றாள். பாக்கி 6,000 வந்ததா என்று அவளிடம் கேட்க நினைத்தேன். உள்ளே இருந்து கூப்பிட்டார்கள்.